பெரியப்பா கிராம சபைக்கு வந்த நாள்

ஜனவரி 2

உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த புத்தாண்டு டைரி இது. அப்பா இதில் ஒன்றும் எழுத மாட்டார் என்பதால் எனக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நுண்ணூட்டச் சத்து பற்றிய விளம்பரம் இருக்கிறது. இன்றைய பக்கத்தில் “போரான் குறைந்தால் குரும்பை உதிரும்” என்று போட்டிருக்கிறார்கள். குரும்பை என்பது தென்னையின் பிஞ்சு. என் வாழ்க்கையைப் பற்றி எழுதப்போகும் புத்தகத்தில் முதல் வாசகமாக இது இருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பு. ஊர் குருவிக்காட்டுப்புதூர். உடுமலையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். எங்கள் ஊராட்சியின் தலைவர் யார் என்று கேட்டால் எல்லாரும் “சாந்தாமணி” என்பார்கள். அவர் என் அம்மா.

ஜனவரி 5

அம்மா இன்று ஒன்றியத்துக் கூட்டத்துக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். இல்லை, சந்தோஷம்.

பட்ஜெட் கூட்டத் தொடருக்கு முன்னால் ஒன்றியத்திலுள்ள ஊராட்சித் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுப்பதாக ஏற்பாடு. வழக்கம்போல ஆளுக்கு ஆள் ரோடு, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அம்மா எழுந்து, “ரோடு கேக்கறதுக்கு கலெக்டர் ஆபீஸ் இருக்குதுங். சட்டசபைக்கு எழுதறதுன்னா சட்டத்துல என்ன மாத்தோணும்னு கேக்கோணும். மூணே மூணு கேக்கலாம். ஆனா ஊர் ஊரா கிராம சபையில வெச்சு, ஜனங்க ஒத்துக்கிட்டதா இருக்கோணும்” என்றாராம்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறமென்ன, எல்லாரும் என்னையவே பாத்தாங்க. ‘அப்ப நீங்களே மொதல்ல எழுதிட்டு வாங்கம்மா’ன்னு தலையில கட்டிட்டாங்க.”

அப்பா சிரித்தார். “வாயைக் குடுத்துட்டு வந்துட்டியா?”

“குடுத்தா என்ன? வாய் எதுக்கு இருக்குது?”

அம்மா பத்தாவது வரைதான் படித்தவர். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். வருகிற ஜனவரி 26 கிராம சபையில் எங்கள் ஊரின் மூன்று கோரிக்கைகளை முடிவு செய்ய வேண்டும். அதை நான்தான் மைக்கில் வாசிக்கப்போகிறேன். அம்மா சொல்லிவிட்டார்.

ஜனவரி 6

தேங்காய் போட ஆள் வந்தார்கள். நாள் முழுவதும் சோறு, காபி, சோறு. வேறொன்றும் எழுத நேரமில்லை.

ஜனவரி 7

பள்ளி விட்டதும் அம்மாவோடு தெருத்தெருவாகப் போனேன். எல்லாரிடமும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “சட்டத்துல ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்?”

கிழக்குத் தெரு காளியாத்தாள் வாசலில் உட்கார்ந்து, தலைக்குத் தேய்க்கிற அரப்பு இலையை உலர்த்திக்கொண்டிருந்தார். அவருக்கு முதியோர் பென்சன் நின்று போய்விட்டது. மகன் திருப்பூரில் கம்பெனி வேலை, வீடு வாங்கிவிட்டான், அதனால் ஆதரவற்றவர் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

“வீடு அவன் வாங்கினான், கெரகப்பிரவேசத்துக்கு என்னையக் கூப்புடவே இல்ல. அந்த வீடு எனக்கு எப்பிடிச் சோறு போடும்? நீயே சொல்லு தாயி.”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரப்பைக் கொஞ்ச நேரம் கூடவே பரப்பிவிட்டுக் கொடுத்தார்.

மற்றவர்கள் பாதிப்பேர் மயிலைத்தான் சொன்னார்கள். நிலக்கடலை போட்டால் மயில், தக்காளி போட்டால் மயில், சோளம் விதைத்தால் முளைப்பதற்கு முன்பே மயில். ஒருவர் மட்டும், “மயிலைப் பத்தி மனு எழுதாதீங் தலைவரே, முருகன் கோவிச்சுக்குவாரு” என்றார். அம்மா கேட்டார்: “அவரு வண்டி நம்ம காட்டுல மேயுது. நஷ்டத்தை யாருங் குடுக்கறது?”

ஜனவரி 9

இன்று பெரியப்பா வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார், விளைநிலத்தை வாங்கி வீட்டு மனை போட்டு விற்கிறவர். வெள்ளைக் கார்.

இதை விளக்கி எழுத வேண்டும். என் பெரியப்பா ஆறுச்சாமி, அப்பாவின் அண்ணன். பக்கத்து வீடு. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான். வாய்க்காலோரம் இருக்கிற தென்னந்தோப்பு இரண்டு பேருக்கும் கூட்டுப் பட்டா. ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் முறை. பெரியப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவர் மகள், எனக்கு அக்கா, கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். தோப்பைப் பார்க்க ஆளில்லை. அதனால் முழுவதையும் மனைக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மனைக்காரருக்குப் பாதித் தோப்பு வேண்டாம், கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “அண்ணன் சொல்றதும் நாயமாத்தான் இருக்குது. வித்தா உடுமலையில ஒரு வீடு பாத்துக்கலாம். லைப்ரரிக்குப் பின்னால தெருவில ஒண்ணு வெலைக்கு வருதாம். இவளும் பதினொண்ணாவது அங்கயே படிச்சுக்கலாம்.”

லைப்ரரிக்குப் பின்னால்! அங்கே இருந்தால் தினமும் மாலையில் போகலாம். இப்போது நான் பள்ளி நூலக அலமாரியில் உள்ள எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டேன். அகராதியையும் ‘ப’ வரை படித்தாயிற்று.

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

டைரியின் கடைசிப் பக்கத்தில் ஒரு அறை வரைந்தேன். ஜன்னலோரம் மேசை, சுவர் முழுக்க அலமாரி. சும்மா பொழுதுபோகாமல்தான்.

ஜனவரி 11

ஞாயிறு. அம்மாவும் நானும் கோரிக்கைகளை எழுதினோம். அம்மா சொல்லச் சொல்ல நான் நல்ல தமிழில் எழுத வேண்டும். “நல்ல தமிழுன்னா புரியற தமிழு” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “காளியாத்தாளுக்குப் படிச்சுக் காட்டுனா அவங்க தலையாட்டோணும்.”

முதல் கோரிக்கை: கிராம சபை ஒப்புக்கொள்ளாமல் விளைநிலத்தை வீட்டு மனையாக மாற்ற அனுமதி தரக் கூடாது.

இரண்டாவது: பிள்ளையின் சொத்தைக் காரணம் காட்டி முதியோர் பென்சனை நிறுத்தக் கூடாது.

மூன்றாவது: மயிலும் பன்றியும் அழித்த பயிருக்கு, அழிந்த பருவத்திலேயே இழப்பீடு தர வேண்டும்.

முதல் கோரிக்கையை எழுதிய பிறகு என் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்திருக்கும்.

“ஏம்மா, நம்ம தோப்பும் இதுல வருமா?”

“வரும்.”

“பெரியப்பா விக்கறதுன்னா...”

“ஊரைக் கேட்டுத்தான் விக்கோணும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூராவும் மனைக்கல்லு நட்டுட்டாங்க, பாத்தியல்ல? அங்க கெணறுகள்ல தண்ணி எங்க போச்சு? இந்தப் பக்கமும் போச்சுன்னா இந்த ஊர்ல பொழைக்கறவங்க எங்க போறது?” அம்மா கொஞ்சம் நிறுத்தினார். “எழுது.”

எழுதினேன். என் கையெழுத்து அந்த வரியில் கொஞ்சம் கோணலாகிவிட்டது. அம்மா கவனிக்கவில்லை.

ஜனவரி 13

பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அம்மா, பெரியப்பாவுக்குத் தம்பி மனைவி; எங்கள் பக்கத்து முறைப்படி அவர் அம்மாவுக்கு ‘மாமா’. அதனால் அவர் முன்னால் அம்மா உட்கார மாட்டார், நேருக்கு நேர் பேசவும் மாட்டார். பெரியப்பாவும் அப்படித்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்த ஆள் நான்தான்.

இன்று காலை நான் குட்டைச் சுவரோரம் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா அவர் வாசலில். அம்மா எங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி கூட இருக்காது.

“அம்மிணி, உங்கம்மாகிட்டச் சொல்லு. நான் பொறந்தப்பவே இருந்த தோப்பு அது. அதை விக்கறதுக்கு ஊரைக் கேக்கோணும்னா, நாளைக்குச் சட்டை வாங்கறதுக்கும் கிராம சபை போடுவாளான்னு கேளு.”

அம்மா நிமிரவில்லை. புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்: “அம்மிணி, உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு. சட்டை அவருக்கு மட்டும்ங். தண்ணி எல்லாத்துக்கும்ங்.”

“என்ன சொல்றா?” என்றார் பெரியப்பா. அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

வாயில் பற்பசை நுரையோடு நான் திருப்பிச் சொன்னேன்.

“சரி. அப்பக் கிராம சபைக்கு நானும் வர்றேன்னு சொல்லு.”

அம்மாவின் கையில் கோலமாவு அப்படியே நின்றது. அதற்குக் காரணமிருக்கிறது. அம்மா தலைவரானதிலிருந்து பெரியப்பா ஒரு கிராம சபைக்கும் வந்ததில்லை. பெரியம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “அவரு வந்தா உங்கம்மா நாற்காலியில உக்கார மாட்டா. தலைவரு எந்திரிச்சு நின்னா கூட்டம் எப்பிடி நடக்கும்னு அவருதான் போகறதில்ல.”

பெரியப்பா இப்படி ஒரு மரியாதை அம்மாவுக்குச் செய்து வந்திருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல், எங்கள் பக்கம் பட்டிப் பொங்கல். எப்போதும் போல இரண்டு வீடும் சேர்ந்து தோப்பில்தான் வைத்தோம். சாணத்தில் சின்னத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் ஊற்றி, கன்றுக்குட்டியை அதன் வழியே ஓட்டினோம். “பட்டி பெருக, பால் பானை பொங்க” என்று வழக்கமாகப் பெரியப்பாதான் உரக்கக் கத்துவார். இன்றும் கத்தினார். ஆனால் பாதியில் நிறுத்தித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். புகை எதிர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

கிளம்பும்போது ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். கால் வலி, பிடிமானத்துக்காக இருக்கும்.

அம்மா அவர் பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி, பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மரத்தைத் தொட்டு நிற்கும்போதெல்லாம் அம்மாவும் நின்றார்.

ஜனவரி 20

பள்ளிக்கூடத்தில் தமிழம்மா, “உங்கம்மா பேசறதைக் கேக்கறதுக்காகவே கிராம சபைக்கு வரப்போறேன்” என்றார். பெருமையாக இருந்தது. அகராதியில் ‘பெருமை’ வரை வந்தாயிற்று. தற்செயல்தான்.

ஜனவரி 22

கதவு சாத்தியிருந்தாலும் எங்கள் வீட்டில் எல்லாம் கேட்கும்.

அப்பா: “நீ ஒருத்தி எழுதித்தான் சட்டசபையில சட்டம் போடப்போறாங்களாக்கும்?”

அம்மா: “போடாம போனா போகட்டும். கேட்டமா இல்லையா?”

“அந்த மனைக்காரரு ஊருக்குள்ள விசாரிச்சுட்டாரு. இங்க தீர்மானம் போட்டா நமக்கு எதுக்கு வம்புன்னு வேற ஊருக்குப் போயிருவாராம். அண்ணனுக்கு இருக்கறது இந்த ஒரு வழிதான் சாந்தா.”

சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“நம்ம புள்ளைக்கும்தான்” என்றார் அப்பா.

அம்மா என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த வீட்டைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை. உடுமலை லைப்ரரி மாலை எட்டு மணிக்கு மூடிவிடுகிறதாம், யாரோ சொன்னார்கள்.

ஜனவரி 25

வாசித்துப் பழகினேன். கண்ணாடி முன்னால், மாட்டின் முன்னால், துணைத் தலைவர் முன்னால். துணைத் தலைவர் மோகனசுந்தரம் அண்ணனுக்கு மைக் என்றால் உயிர். கூட்டத்தில் “ஹலோ, ஹலோ” என்பதைத் தவிர வேறெதுவும் பேச வாய்ப்புக் கிடைப்பதில்லை என்பது அவருடைய குறை. “முற்றுப்புள்ளிக்கு நிறுத்தோணும் அம்மிணி, கமாவுக்கு மூச்சு விடோணும்” என்று சொல்லிக் கொடுத்தார்.

முதல் கோரிக்கையில் மட்டும் எனக்கு மூச்சு முட்டுகிறது. நீளமான வாக்கியம்.

ஜனவரி 26

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். மறந்துவிடக் கூடாது.

ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல். கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். கீழே ஜமக்காளம் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் நாற்காலிகள்: நடுவில் அம்மா, ஒரு பக்கம் துணைத் தலைவர், மறுபக்கம் ஊராட்சிச் செயலர். நான் மைக் பக்கத்தில் நின்றேன். கூட்டம் நிறைந்திருந்தது. மயில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மா வரவேற்றுப் பேசி முடிக்கும்போது பந்தலின் ஓரத்தில் ஒரு சலசலப்பு. பெரியப்பா. ஒரு கையில் தடி, ஒரு கை பெரியம்மாவின் தோளில். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. ஜமக்காளத்தில் அவரால் உட்கார முடியாது என்பதால் யாரோ ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள்.

அம்மா எழுந்துவிட்டார்.

எல்லாரும் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஜமக்காளத்தில் ஒருவர், “போச்சு, தலைவரம்மா இன்னிக்கு நின்னுட்டேதான்” என்றார்.

பெரியப்பாவுக்கு முகம் கறுத்தது. ஸ்டூலில் உட்காராமல், மைக் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “அம்மிணி, உங்கம்மாளை உக்காரச் சொல்லு. அது தலைவர் நாற்காலி. எனக்காக எந்திரிக்க வேண்டாம்.”

நான் மைக்கின் முன்னாலேயே, “அம்மா, பெரியப்பா உங்களை உக்காரச் சொல்றாருங்” என்றேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. காளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. வழக்கமாக என் பக்கம் திரும்பிப் பதில் சொல்லியிருப்பார். இன்று திரும்பவில்லை. பெரியப்பாவை நேராகப் பார்த்தார். அம்மாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

“உங்களுக்காக எந்திரிக்கலீங் மாமா. இப்ப நெலத்தைப் பத்திப் பேசப்போறம். விக்கறதாப் பேச்சு நடக்கற தோப்புல எங்க வீட்டுக்கும் பாகமிருக்குது. சட்டம் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது. எம்பட வீட்டு நெலத்தைப் பத்தி முடிவு பண்ற கூட்டத்துக்கு நான் தலைவரா உக்காரக் கூடாது. அதுனாலதான்ங்.”

அம்மா, மோகனசுந்தரம் அண்ணனிடம், “நீங்க நடத்துங்” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போய் ஜமக்காளத்தில் காளியாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். நடு நாற்காலி காலியாக இருந்தது. மோகனசுந்தரம் அண்ணன் அதில் உட்கார்ந்து மைக்கை இழுத்து, “ஹலோ” என்றார். பிறகு அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இத்தனை நாள் காத்திருந்த மனிதர்!

நான் முதல் கோரிக்கையை வாசித்தேன். நடுவில் குரல் கம்மிவிட்டது. மைக் சரியில்லை.

பெரியப்பா தடியை ஊன்றி நின்றுகொண்டே பேசினார்.

“நான் சண்டை போட வரலீங். ஒரு கேள்வி கேக்க வந்தேன். எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. தோப்பைச் சுத்தி வர்றதுக்கே உசுரு போவுது. மரம் ஏற ஆளில்ல, தேங்காய்க்கு வெலையில்ல. பென்சன் கேட்டுப் போனா, ‘உம்பட பேர்ல தோப்பு இருக்குது, உனக்கில்ல’ங்கறாங்க. சரி, தோப்பை வித்துப் பொழைக்கலாம்னா, ‘விவசாயத்தை அழிக்காத’ங்கறீங்க. அப்ப நான் அந்தத் தோப்பை வெச்சு என்னதான் பண்றது? மட்டையில உக்காந்து பறந்து போகட்டுமா?”

சிரிப்பு வந்தது, ஆனால் சீக்கிரமே அடங்கிவிட்டது. பெரியப்பா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜமக்காளத்திலிருந்த நரைத்த தலைகள் பல ஆடின. எனக்கு அழுகை மாதிரி வந்தது. அவர் சொல்வது அத்தனையும் சரி. அம்மா எழுதியதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

கீழே அம்மா கையைத் தூக்கினார்.

“தலைவர் அவர்களே, ஒரு வார்த்தை பேசலாங்களா?”

மோகனசுந்தரம் அண்ணன் யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்து, நெஞ்சை நிமிர்த்தி, “பேசுங், பேசுங்” என்றார்.

அம்மா எழுந்தார். “அவரு கேட்டது நாயமுங். நான் அதை யோசிக்கல. பிள்ளை சொத்தை மட்டும்தான் எழுதினேன். வயசான விவசாயியோட சொந்த நெலத்தை மறந்துட்டேன். நெலமிருக்குதுன்னு பென்சனை நிறுத்திட்டு, நெலத்தை விக்காதேன்னு சொல்றது அடாவடி. அதனால வரிசையை மாத்தோணும்ங். பென்சனை மொதல்ல வெக்கோணும். வெள்ளாமை நடக்கற நெலத்தைக் கையில வெச்சிருக்கற வயசானவங்களுக்கு, அந்த நெலத்தைக் காரணம் காட்டிப் பென்சனை மறுக்கக் கூடாது. அதைக் குடுத்த பொறவுதான் நெலத்தை விக்காதேன்னு கேக்கற யோக்கியதை நமக்கு வருது. நெலம் ரெண்டாவது.”

“மயிலு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மயிலு மூணாவது. முருகன் கொஞ்சம் பொறுத்துக்குவாரு.”

கைதட்டினார்கள். தமிழம்மா எழுந்து நின்றே தட்டினார். என் அம்மா தன் வாக்கியத்தைத் தானே அடித்துத் திருத்தினார், ஊர் முன்னால், கொஞ்சமும் வெட்கப்படாமல். நான் ஒரு எழுத்துப்பிழைக்கே பக்கத்தைக் கிழித்துவிடுகிறவள்.

செயலர் புதிய வாக்கியத்தை எழுத, நான் வாசித்தேன். பென்சனுக்குக் கை தூக்கச் சொன்னபோது பந்தலே எழுந்தது போலிருந்தது. காளியாத்தாள் இரண்டு கைகளையும் தூக்கினார். “ஒரு கை போதுமுங்” என்றார் மோகனசுந்தரம் அண்ணன். “எம்பட மகனுக்கும் சேத்து” என்றார் காளியாத்தாள். பெரியப்பாவும் தூக்கினார், தடி இருந்த கையை.

அடுத்து நிலம். நிறையக் கைகள் எழுந்தன. எல்லாம் அல்ல. பெரியப்பாவின் கை அவர் மடியிலேயே இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் கையும் மடியிலேயே இருந்தது. பாகமிருப்பவர் கை தூக்கக் கூடாது என்று நினைத்திருப்பார். ஊர் நடுவில் அந்த இரண்டு பேர் மட்டும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா? அப்பா பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். அவரும் கை தூக்கவில்லை. ஆனால் தலைசுற்றல் வந்தவர் போல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. அதற்கடுத்து மயிலும் நிறைவேறியது.

முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு ஒரு தொன்னை எடுத்துப்போனேன். மென்றுகொண்டே சொன்னார்: “உங்கம்மா நல்லாத்தான் பேசறா.”

“அம்மாகிட்டச் சொல்லட்டுங்களா பெரியப்பா?”

“சொல்ல வேண்டாம்.”

சொல்லிவிட்டேன். இது ஒன்றுதான் என் வேலையே.

ஜனவரி 28

ஒன்றியத்துக் கூட்டத்தில் எங்கள் ஊர் கோரிக்கைகளை அதே வரிசையில் எடுத்துக்கொண்டார்களாம். எம்.எல்.ஏ.விடம் அடுத்த வாரம் கொடுக்கிறார்கள். அவர் சபையில் பேசுவாரா, பேசினாலும் சட்டம் மாறுமா, யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாமலே இவ்வளவும் செய்திருக்கிறார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டார்: “அந்த லைப்ரரித் தெரு வீட்டுக்குப் போலாம்னு உனக்கு ஆசையா இருந்துச்சா?”

“இல்லம்மா.”

அம்மா ரிப்பனைக் கட்டி முடித்து, என் தோளில் கையை வைத்தபடியே சொன்னார்: “இனி ஒன்றிய ஆபீஸ் போறப்பல்லாம், உனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளா இருந்தா, உன்னைய லைப்ரரியில எறக்கி விடறேன். கூட்டம் எப்பவும் சீக்கிரம் முடியறதில்ல. நெறையப் படிக்கலாம்.”

நான் பொய் சொல்லவில்லை. சொன்ன நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் வரைந்த அறையை அழிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு தென்னை மரம் மட்டும் சேர்த்தேன். அது இல்லாமல் வெறிச்சென்று இருந்தது.

பிப்ரவரி 1

ஞாயிறு. அப்பா மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் போடப் போயிருந்தார். அம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அகராதியில் ‘ம’ தொடங்கியிருந்தேன்.

குட்டைச் சுவரைச் சுற்றித் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. பெரியப்பா சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். எதையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லுகிறவர்.

அம்மா மடியிலிருந்த வெங்காயத்தை அவசரமாக முறத்தில் கொட்டிவிட்டு எழப்போனார்.

“அம்மிணி, உங்கம்மாளை...” என்று பெரியப்பா என்னைப் பார்த்துத் தொடங்கினார். அங்கேயே நிறுத்தினார். தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“சாந்தாமணி. உக்காரு.”

அம்மா எழுந்தும் எழாமலும் நின்றார்.

“மனைக்காரரு போன் பண்ணினாரு. சட்டசபைக் கூட்டம் முடியட்டும், என்ன வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்னேன். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, வேற ஊர்ல எடம் பாத்துக்கறேன்னு வெச்சுட்டாரு.” பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப எனக்கு மனையும் இல்ல, பென்சனும் இல்ல. காலும் இல்ல.”

“உங்க முறைக்கும் சேத்து இவரே மோட்டார் போட்டுருவாருங் மாமா” என்றார் அம்மா. நேராக, அவரிடமே. “பென்சனுக்கு நானே தாலுக்காவுக்கு வர்றேன். சட்டம் மாறட்டும்னு உக்காந்திருக்க வேண்டாம். மறுபடி எழுதிக் குடுப்பம். தள்ளினா மறுபடி குடுப்பம்.”

“தெரியும். நீ விட மாட்ட.” அவர் சிரித்தது போலத்தான் இருந்தது. “அதுக்குத்தான் வந்தேன். நாளைக்கே போலாமான்னு கேக்க.”

நான் உள்ளே ஓடி இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். பெரியப்பா இரண்டு கைகளாலும் தடியைப் பிடித்து மெல்ல இறங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார், எதையாவது யார் வழியாகவாவது சொல்ல வேண்டும் என்பது போல. நான் அகராதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

“உக்காருன்னு சொன்னனல்ல” என்றார் பெரியப்பா.

அம்மா உட்கார்ந்தார். நாற்காலியின் விளிம்பில்தான். ஆனாலும் உட்கார்ந்துவிட்டார்.